இருண்ட நாவல்கள்: கோபமும் சலிப்பும் வந்தால் குறிப்பில் என்ன எழுதுவது?

நள்ளிரவு_வாசகி (கேள்வி)

அடுத்தடுத்து ஐந்து நாவல்கள் வாசித்தேன். ஆர்வெல்லின் ‘1984’, மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’, கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’, சரமாகோவின் ‘பிளைண்ட்னெஸ்’, கார்மாக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’. வாசகர் வட்டத்தில் இவற்றைப் பற்றிப் பேச வேண்டும். குறிப்பெழுத உட்கார்ந்தால் ‘மனதை உலுக்கியது’ என்ற ஒரே வரியைத்தான் ஐந்துக்கும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தோன்றியதைத் தோன்றியபடியே சொல்கிறேன். ‘1984’ முடிவில் நம்பிக்கை என்று ஒரு பொட்டுகூட இல்லை. நடுவில் கதாநாயகன் வின்ஸ்டன் ஒரு தடைசெய்யப்பட்ட புத்தகத்தைப் படிக்கிறானே, அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன். அட்வுட்டில் கதை முடிந்த பிறகு எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து உரையாற்றுகிறார், படு எரிச்சல். உறுப்புகளுக்காகவே வளர்க்கப்படும் இஷிகுரோவின் ஆட்கள் ஏன் ஓடித் தப்பிக்கவில்லை என்று கடைசிவரை கோபம். ‘பிளைண்ட்னெஸ்’ நாவலில் பார்வை போனவர்களை அடைத்துவைத்த கட்டடத்துக்குள் ஒரு கும்பல் சாப்பாட்டைக் கைப்பற்றியதும் மூடி வைத்துவிட்டேன். பேரழிவுக்குப் பின் ஓர் அப்பாவும் மகனும் நடந்துகொண்டே இருக்கும் ‘தி ரோடு’ முக்கால்வாசி சலிப்பு, கால்வாசி பயம்.

இதெல்லாம் என் வாசிப்பின் கோளாறா, நாவல்களின் கோளாறா? இவற்றை வைத்து உருப்படியாக ஒரு குறிப்பு எழுத முடியுமா? முடிவைச் சொல்லிப் பேசினாலும் பரவாயில்லை.

---

அடிக்குறிப்பு

கதையின் முடிவுகள் கீழே வெளிப்படையாக வருகின்றன, வாசிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

உங்கள் எரிச்சல்களில் பாதி, ஆசிரியர் திட்டமிட்டே வரவழைத்தவை. இந்த வகை நாவலில் எந்த உணர்ச்சி வந்தாலும் அதை நம்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சொல்வது யார்? எந்தக் காலத்தில் நின்று சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? நிகழ்ச்சிகள் எவ்வளவு கொடூரம் என்பதைவிட, இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில்தான் இருளின் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது.

‘1984’ உதாரணமாக. கதை முடிந்ததும், அதில் ஆளும் கட்சி உருவாக்கும் ‘நியூஸ்பீக்’ மொழியைப் பற்றி ஒரு பின்னிணைப்பு வருகிறது. பெரும்பாலோர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் அத்தியாயத்திலேயே ஓர் அடிக்குறிப்பு அதைப் பார்க்கச் சொல்லும். அந்தப் பின்னிணைப்பு முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கதை நடக்கும் நாடான ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக நியூஸ்பீக் ‘இருந்தது’ என்கிறது. 2050-க்குள் பழைய மொழியை முற்றாக ஒழிப்பதாகத் திட்டம் ‘இருந்தது’ என்கிறது. ஆட்சி நீடித்திருந்தால் இதை யார், எந்த மொழியில், எந்தத் துணிச்சலில் எழுதியிருக்க முடியும்? இதை வைத்துத்தான் ‘அந்த ஆட்சி விழுந்துவிட்டது’ என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அட்வுட்டும் அவர்களில் ஒருவர். எதிர்த்தரப்பும் உண்டு: இறந்தகாலம் நாவலின் வழக்கமான நடைதான், அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றக்கூடாது என்பார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, பின்னிணைப்பைப் படிக்காமல் ‘நம்பிக்கையே இல்லை’ என்று எழுதாதீர்கள். 1949-இல் அமெரிக்கப் புத்தகச் சங்கம் ஒன்று இந்தப் பின்னிணைப்பையும் நீங்கள் தள்ளிவிட்ட அந்தப் ‘புத்தக’ப் பகுதியையும் வெட்டிவிட்டுத் தரக் கேட்டது. பெரிய வருமானம் போகும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்துவிட்டார். கடைசியில் சங்கம்தான் இறங்கி வந்தது.

தள்ளிவிட்ட பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது இரண்டாம் பாகத்தின் 9-ஆம் அத்தியாயம். கட்சி எப்படி ஆள்கிறது என்று அந்தப் புத்தகம் விரிவாகச் சொல்லிக்கொண்டே போகும். எதற்காக ஆள்கிறது என்று சொல்லப்போகும் இடத்தில், காதலி ஜூலியா தூங்கிவிட்டதைக் கவனித்து வின்ஸ்டன் வாசிப்பை நிறுத்துகிறான். விடுபட்ட அந்த விடையை மூன்றாம் பாகத்தில் கட்சி அதிகாரி ஓ’பிரையன், சித்திரவதைக்கு நடுவே, தன் வாயால் சொல்கிறான். முன்பகுதியைத் தாண்டியவர்களுக்கு மூன்றாம் பாகம் வெறும் வதைக்கூடம். படித்தவர்களுக்கு அது பாதியில் நின்றுபோன வாக்கியத்தின் மறுபாதி.

இனி அட்வுட்டின் பேராசிரியர். அந்த உரை நடக்கும் தேதி 2195 ஜூன் 25. கதாநாயகியின் குரல் சுமார் முப்பது ஒலிநாடாக்களில் கிடைத்தது என்கிறார். நாடாக்களுக்கு எண் இல்லாததால் வரிசையை அடுக்கியது தாங்கள்தான் என்கிறார். அதாவது நீங்கள் அதுவரை வாசித்த கதையின் ஒழுங்கே இரண்டு பேராசிரியர்களின் ஊகம்! அவர் பெரும்பாலான நேரத்தை எதில் செலவிடுகிறார் என்று பாருங்கள்: அவளை அடிமையாக வைத்திருந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதில். அவள் சொன்னதைவிட, அந்த அதிகாரியின் கணினியிலிருந்து இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். நடுநடுவே ஆபாச நகைச்சுவை வேறு, அதற்கு அவையில் சிரிப்பு. ஆட்சி போய்விட்டது, பெண் சொன்னதைக் கேட்காத காது போகவில்லை. உங்கள் எரிச்சல் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. அதை எந்த வரியில் வந்தது என்று பக்க எண்ணோடு எழுதினால் அதுவே நல்ல குறிப்பு.

---

மறுவாசிப்பு

மேலே சொன்ன மூன்றாவது கேள்வி, ‘யாரிடம் சொல்கிறார்’ என்பது, இஷிகுரோவுக்கு அப்படியே பொருந்தும்.

கதையைச் சொல்லும் கேத்தி எச். தன்னை 31 வயதுக்காரி, பதினோரு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பு தருபவர்களின் பராமரிப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். பிறகு அடிக்கடி, ‘நீங்கள் இருந்த இடத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது, ஹெய்ல்ஷமில் இப்படி’ என்ற பொருளில், தான் வளர்ந்த பள்ளியைப் பற்றிப் பேசுகிறாள். இந்த ‘நீங்கள்’ யார்? நாமல்ல. வேறொரு பள்ளியில் வளர்க்கப்பட்ட, அவளைப் போலவே உறுப்புகளுக்காக உருவாக்கப்பட்ட இன்னொருவர். அப்படிப்பட்டவரிடம் போய் ‘ஏன் ஓடவில்லை’ என்று யாராவது விளக்குவார்களா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்தக் கேள்வி எழாத உலகத்தில் நம்மைக் கொண்டுபோய் உட்காரவைத்து, கேள்வியை நம் தொண்டையில் சிக்கவைத்திருக்கிறார் இஷிகுரோ. கோபம் வரத்தான் செய்யும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி: கதையில் காவலர், துரத்தல் எங்கே வருகின்றன என்று குறித்துப் பாருங்கள். காட்டைப் பற்றிய பள்ளிக்கூடப் பயக்கதைகளைத் தவிர ஒன்றும் அகப்படாது. பெரியவர்களானதும் அவர்களே கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்கள் அதிகபட்சமாகக் கேட்பது விடுதலைகூட இல்லை, காதலிக்கும் இருவருக்குச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பு. அதுவும் வெறும் வதந்தி என்று தெரிந்த பிறகு கேத்தியின் காதலன் டாமி வயலில் இறங்கிக் கத்துகிறான். நாவல் முழுவதிலும் எதிர்ப்பு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய அவ்வளவுதான். பள்ளியில் சிறுவனாக அவன் வெறிபிடித்துக் கத்திய ஆரம்பக் காட்சியோடு சேர்த்துப் படியுங்கள், அப்போதே அவனுக்கு ஏதோ புரிந்திருந்தது என்று கேத்தியே சொல்லிப் பார்க்கிறாள்.

ஓடாதவர்கள்மேல் வரும் கோபத்துக்கு நல்ல மாற்று, ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979). 1976-இல் வாழும் கறுப்பினப் பெண் டேனா, அடிமைமுறைக் கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்பதற்கு எந்த இயந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை. விதி மட்டும் கறாராக இருக்கிறது: ரூஃபஸ் என்பவன் உயிருக்கு ஆபத்து வந்தால் அவள் போவாள், தன் உயிர் போகிறது என்று அவள் நம்பினால் திரும்புவாள். இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். அங்கேயே இருந்து பழகப் பழக, அடி உதை தன்னைக் கொல்லாது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அளவுக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. பழகிப்போவது எப்படி நடக்கிறது என்பதைக் கதையின் விதியே செய்து காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு இஷிகுரோவுக்குத் திரும்பினால் கோபம் வேறு பக்கம் திரும்பும்.

---

வரிக்கு_வரி

‘பிளைண்ட்னெஸ்’, ‘தி ரோடு’ இரண்டிலும் தொல்லை கதையைவிட அச்சமைப்பில் தொடங்குகிறது. இரண்டிலும் மேற்கோள் குறி இல்லை. ‘ரோடு’ நாவலில் அத்தியாயமும் இல்லை, இடைவெளி விட்ட துண்டுகள்தான். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடும், பத்துப் பக்கத்தில் களைத்துவிடும். அந்தக் களைப்பைச் சலிப்பு என்று நாம் எழுதிவிடுகிறோம்.

சரமாகோவுக்கு: ஆங்கிலப் பதிப்பில் காற்புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்து வந்தால் ஆள் மாறிவிட்டது என்று பொருள். அவ்வளவுதான் சூத்திரம். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும். யாருக்கும் பெயர் கிடையாது. மருத்துவர், மருத்துவரின் மனைவி, கறுப்புக் கண்ணாடிப் பெண், மாறுகண் சிறுவன், கண்ணில் கறுப்புத் திரை கட்டிய முதியவர். புத்தகத்தின் பின்னட்டையில் இந்த ஐந்தாறு பேரை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தி நீளம், எனவே பத்தி நடுவில் நிறுத்தாதீர்கள். மறுநாள் யார் பேசுகிறார் என்று தேடுவதிலேயே மூச்சு வாங்கும்.

நீங்கள் நிறுத்திய இடம் நாவலின் மிகக் கொடிய கட்டத்தின் வாசல். கும்பல் முதலில் நகை, பணம் கேட்கும், அடுத்துப் பெண்களைக் கேட்கும். கூட்டு வன்புணர்வு நேரடியாகவே வருகிறது, வட்டத்தில் பேசும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. ஆனால் அங்கேயே நின்றால் உங்கள் கையில் இருப்பது இருட்டறை மட்டும். பார்வை உள்ள ஒரே ஆளான மருத்துவரின் மனைவி கத்தரிக்கோலை எடுப்பதும், கட்டடம் எரிவதும், வாசலில் காவல் நின்ற படையினர் காணாமல் போயிருப்பதும், அதன் பிறகு நகரத்தில் மழையில் பெண்கள் மாடியில் நின்று துணி துவைத்துக் குளிப்பதும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மனிதர்கள்மேல் அந்த நாவல் வைக்கும் மதிப்பு இந்தப் பின்பகுதியில்தான் தெரியும்.

‘ரோடு’ நாவலுக்கு வேறு உத்தி. என்ன பேரழிவு என்று தேடாதீர்கள். கடிகாரங்கள் 1:17-இல் நின்றன, நீண்ட ஒளிக்கீற்று, பிறகு தொடர் அதிர்வுகள், இதற்கு மேல் மெக்கார்த்தி தரமாட்டார். தேட வேண்டியது பொருள்களின் கணக்கு. கைத்துப்பாக்கியில் தொடக்கத்தில் இரண்டு குண்டு. ஒன்று செலவாகிறது. அதன் பிறகு ஒரு குண்டு, இரண்டு பேர். அப்பா மரத்தைச் செதுக்கிப் பொய்க் குண்டுகள் செய்து துப்பாக்கியை நிரப்பி வைக்கிறார். தள்ளுவண்டிச் சக்கரம், தார்ப்பாய், காலணி, டப்பா உணவு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரவு செலவு ஓடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே சாம்பல் என்று தோன்றுவது, இந்தக் கணக்கை விட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால். நிலத்தடிப் பதுங்கறையில் உணவு நிறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் பகுதி ஏன் அவ்வளவு பதற்றமாக இருக்கிறது? ஒரு தேக்கரண்டி வரை எண்ணிப் பழகிய வாசகருக்கு அத்தனை நிறைவே ஆபத்தாகத் தெரிகிறது.

---

எதிர்வாதி

எல்லாரும் சேர்ந்து வாசகியைத் திருத்துவது போலிருக்கிறது. சலிப்பு வந்தால் அது வாசகரின் குறையாகத்தான் இருக்க வேண்டுமா? இருளைச் சும்மா பூசி வைத்த நாவல்களும் ஏராளம். ‘ரோடு’ நாவலில் உரையாடல் ‘சரி’, ‘சரி’ என்று முடிவது எனக்கு இன்னமும் ஒரு பாணியின் வீம்பாகத்தான் படுகிறது. நல்ல நாவல்தான், வீம்பு வீம்புதான்.

பூச்சா, உள்ளே ஓடுகிறதா என்று பார்க்க என்னிடம் சில கேள்விகள் உண்டு. கற்பனை உலகத்தின் ஒரு மாற்றம் சாதாரண ஒரு நாளைத் தொடுகிறதா: சமையல், கழிப்பறை, கூலி, தண்ணீர்? பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ 1993-இல் வந்தது, கதை 2024-இல் தொடங்குகிறது. அங்கே தண்ணீர் பெட்ரோலைவிடப் பல மடங்கு விலை. இந்த ஒரு விலை போதும், கதாநாயகியின் குடியிருப்பைச் சூழ்ந்த சுவருக்கு வெளியே யார் எப்படி வாழ்வார்கள் என்று வாசகரே கட்டிக்கொள்வார். இரண்டாவது, கொடுமை நடந்த பிறகு யாருடைய நடத்தையாவது மாறுகிறதா? அடுத்த அத்தியாயத்தில் எல்லாரும் பழையபடி வசனம் பேசினால் அது பூச்சு. மூன்றாவது, தன் விதியை நாவல் தனக்கு வசதியான இடத்தில் மீறுகிறதா? மீறினால் அதன் பிறகு எந்த ஆபத்தும் ஆபத்தில்லை, எழுத்தாளர் கைகொடுத்துவிடுவார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இருட்டுக்குக் கறுப்பு நடைதான் வேண்டும் என்பதும் பொய். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ துள்ளலான நடை, ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துக் கிண்டலடிக்கிறது. அதே கதையில் பிள்ளை பெறவே அரசு அனுமதி வேண்டும். சிரித்துக்கொண்டே போகும்போது இடறும் இடம், ஒப்பாரி வைத்துச் சொன்னதைவிட ஆழமாக இறங்குகிறது.

இன்னொன்று, யாரும் கேட்காதது: கையில் இருப்பது எந்தப் பதிப்பு? ஆந்தனி பர்ஜஸின் ‘எ கிளாக்வர்க் ஆரஞ்ச்’ மூன்று பாகம், பாகத்துக்கு ஏழு, மொத்தம் 21 அத்தியாயம். முதல் அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயம் கிடையாது, 1986-இல்தான் அங்கே சேர்ந்தது. 20-இல் முடித்தவருக்கு, வன்முறையில் திளைக்கும் கதாநாயகன் அலெக்ஸ் திருந்தாதவன். 21 படித்தவருக்கு அவன் வயதாகி வன்முறையில் அலுத்துப்போனவன். இருவரும் வட்டத்தில் உட்கார்ந்து சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலிலும் இதே கதை. 1818 பதிப்பு மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1831 திருத்தப் பதிப்பில் 24 அத்தியாயம் நேராக ஓடும். முன்னதில் எலிசபெத், கதாநாயகன் விக்டரின் அத்தை மகள், பின்னதில் எடுத்து வளர்த்த பெண். முன்னதில் விக்டரின் தேர்வுகளே தெரியும், பின்னதில் விதியின் கை ஓங்கியிருக்கும். குற்றம் யாருடையது என்ற விவாதத்துக்கு முன் அத்தியாய எண்ணைப் பார்த்துவிடுங்கள், பாதிச் சண்டை தீரும்.

---

நள்ளிரவு_வாசகி

எதிர்வாதிக்குத் தனியாக ஒரு நன்றி. இப்போது குறிப்பெடுக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லுங்கள். ஐந்தையும் மறுபடி முழுக்க வாசிக்க முடியாது. ‘பிளைண்ட்னெஸ்’ எங்கிருந்து தொடங்கட்டும்? முதலிலிருந்தா?

---

அடிக்குறிப்பு

ஒரு நாவலுக்கு நான்கு குறிப்பு போதும். முதல் கால்பகுதி முடிந்ததும் ஒன்று: உலகத்தின் விதி என்ன, யார் சொல்கிறார்கள், நான் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். மிகக் கொடிய காட்சி முடிந்த கையோடு ஒன்று. கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒன்று. இரண்டு மூன்று நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் நிற்கும் காட்சியை மட்டும் ஒன்று. கடைசிக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். முடித்த உடனே எழுதினால் முடிவுதான் முழு நாவலையும் விழுங்கிவிடும். ‘1984’ பற்றி எல்லாரும் கடைசிச் சித்திரவதையில் வரும் எலிக் கூண்டைப் பற்றியே எழுதுவதற்கு அதுதான் காரணம்.

குறிப்பில் பெயரடைக்குத் தடை போடுங்கள். ‘கொடூரம்’, ‘உலுக்கியது’, ‘இருண்மை’ மூன்றையும் எழுதாமல் எழுத வேண்டும். அதற்குப் பதில் பக்க எண், யார் என்ன செய்தார், அதில் எனக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது எது, எங்கே வாசிப்பு நின்றது. எரிச்சல், சலிப்பு எல்லாம் எழுதலாம், ஆனால் எந்த வரியில் என்று.

இன்னொரு சிக்கல், நீங்கள் வாசித்த வரிசை. இருண்டவை ஐந்தைத் தொடர்ந்து வாசித்தால் நான்காவதும் ஐந்தாவதும் மற்றவற்றின் பழியைச் சுமக்கும். ‘ரோடு’ ஐந்தாவதாக வந்தது அதற்கு நியாயமே இல்லை. நடுவில் நடையில் முற்றிலும் வேறான ஒன்றைச் செருகுங்கள், பயணக் கட்டுரையோ நகைச்சுவையோ. இன்னொரு இருண்ட நாவலைத்தான் வாசிப்பேன் என்றால் சிறியதாக எடுங்கள்.

மறுவாசிப்புக்கு முழு நாவல் வேண்டாம். ‘1984’ நாவலுக்கு இரண்டாம் பாகம் 9, மூன்றாம் பாகம் 3, பின்னிணைப்பு. ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலுக்கு ‘இரவு’ என்று தலைப்பிட்ட ஏழு பகுதிகள், அவற்றின் பிறகு பேராசிரியரின் உரை. பகலில் அவளுக்கு நடப்பதற்கும், இரவில் அவள் தனக்கே சொல்லிக்கொள்வதற்கும் உள்ள தூரம் தெரியும். இஷிகுரோவுக்கு முதல் இரண்டு அத்தியாயமும் கடைசி இரண்டும்.

---

வரிக்கு_வரி

‘பிளைண்ட்னெஸ்’ முதலிலிருந்து வேண்டாம், விட்ட இடத்திலிருந்தும் வேண்டாம். கண்ணில் கறுப்புத் திரை கட்டிய முதியவர் கையடக்க வானொலியோடு உள்ளே வரும் பகுதிக்குத் திரும்புங்கள். வெளியே நகரத்தில் என்ன நடந்தது என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்கிறார், உங்களுக்கும் முன்கதை நினைவுக்கு வந்துவிடும். ஆட்கள் யார் யார் என்பதும் அங்கேயே பிடிபடும். கும்பல் அதற்குச் சற்றுப் பிறகுதான் வருகிறது. அங்கிருந்து கட்டடம் எரியும்வரை ஒரே மூச்சில், முடிந்தால் ஒரே நாளில் வாசியுங்கள். துண்டு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் அந்தக் கூடத்துக்குள் மறுபடி நுழைய வேண்டியிருக்கும், மறுபடியும் பாதியில் மூடிவிடுவீர்கள். எரிந்த பிறகு வரும் பகுதியை எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வாசிக்கலாம்.